தஞ்சை தந்த ஜே. சி. குமரப்பா: குடிகளிடம் கேட்டறிந்தவர்



நம் காவேரி நாட்டில் வாய்க்கால் தூர்வாரும் பருவம் வந்தால், மதகுக்கு அருகே ஒரு பலகை நட்டிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வேலையின் பெயர், வாய்க்காலின் நீளம், மதிப்பீட்டுத் தொகை எல்லாம் அதில் எழுதியிருக்கும். அந்த வாய்க்காலின் கடைமடையில் பயிர் செய்கிறவரிடம் போய், எங்கே மண் மேடிட்டிருக்கிறது, எந்த மடை வருஷந்தோறும் உடைகிறது என்று வேலைக்கு முன்னால் யாராவது கேட்டார்களா? சில ஊர்களில் கேட்டிருப்பார்கள். பல ஊர்களில் இயந்திரம் வந்து கரையில் இறங்கிய பிறகுதான் ஊராருக்கே செய்தி தெரிகிறது.

கிராமத்துக்கு நன்மை செய்ய வருகிறவன் முதலில் கிராமத்தானிடம் கேட்கவேண்டும் என்பதை ஏறக்குறைய முப்பது வருஷம் இந்தத் தேசமெங்கும் சொல்லித் திரிந்தவர் ஒருவர் நம் தஞ்சாவூரில்தான் பிறந்தார். அவர் பெயர் ஜே. சி. குமரப்பா. மகாத்மா காந்தியின் பெயரை அறியாத குழந்தை நம் பங்கில் இல்லை. குமரப்பாவின் பெயரைச் சொன்னால் பெரியவர்களிலேயே பாதிப்பேர் யார் அது என்கிறார்கள். ஆகையால் இந்த வாரம் அவருடைய ஜீவிய சரித்திரத்தைச் சற்று விரிவாகவே உங்களுக்குச் சொல்லுகிறேன்.

1892-ம் வருஷம் ஜனவரி 4-ந் தேதி அவர் பிறந்தார். பிறந்தபோது அவருக்கு இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியுஸ். தந்தையார் சாலமோன் துரைசாமி கொர்னேலியுஸ் மராமத்து இலாகாவில் உத்தியோகஸ்தர். தாயார் எஸ்தர் ராஜநாயகம். நம் பிரிந்த சகோதரர் சபையைச் சேர்ந்த பக்தியுள்ள குடும்பம் அது. பிள்ளைகள் பலர், எல்லாரும் நன்றாகப் படித்தார்கள். சகோதரர்களில் ஒருவர் பாரதன் குமரப்பா பின்னாளில் அண்ணனோடு சேர்ந்து கிராமத் தொண்டுக்கே வந்துவிட்டார்.

மராமத்து இலாகா என்றதும் நம் ஜனங்களுக்குப் பழைய வார்த்தை ஒன்று நினைவுக்கு வரும்: குடிமராமத்து. ஆற்றில் தண்ணீர் வருமுன்னே வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து வாய்க்காலை வெட்டிக் கரையைப் பலப்படுத்தும் வழக்கம் அது. 1858-ம் வருஷத்துச் சட்டமொன்று அந்த வழக்கத்தைச் சட்டத்தாலும் கட்டாயமாக்கிற்று. ஆனால் சர்க்கார் இலாகா வளர வளர, வாய்க்கால் ஊராருடையது என்ற எண்ணம் தேய்ந்து, அது இலாகாவுடையது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. குடிமராமத்தை அளவுக்கு மிஞ்சிப் புகழுகிறவர்களும் உண்டு. நான் அவர்களோடு முழுதும் சேரமாட்டேன். மண்வெட்டி பிடித்தவன் பெரும்பாலும் பண்ணையாள். எந்த வாய்க்காலை எப்போது வெட்டுவது என்று திண்ணையில் உட்கார்ந்து தீர்மானித்தவர் மிராசுதார். ஊரார் என்ற சொல்லுக்குள் யார் யார் அடக்கம் என்பது நம் ஜில்லாவில் எப்போதுமே சங்கடமான கேள்வி. குமரப்பாவின் வாழ்க்கையிலும் அந்தக் கேள்வி பின்னால் வரும்.

செல்லத்துரை சென்னை டவ்டன் கல்லூரியில் படித்தார். பிறகு கப்பலேறி லண்டனுக்குப் போய்க் கணக்குத் தணிக்கைத் தொழில் கற்றார். முதல் மகாயுத்த காலம் முழுவதும் சீமையிலேயே இருந்துவிட்டு, 1919-ல் தாயாரின் விருப்பத்துக்கு இணங்கித் திரும்பினார். பம்பாயில் தணிக்கை ஆபீஸ் நடத்தினார். கோட்டு, டை, பட்டுத் துணி, கைத்தடி என்று அசல் துரையாகவே இருந்தார். வருமானத்துக்கும் குறைவில்லை. 1927-ல் அமெரிக்கா சென்று சிராகூஸ் சர்வகலாசாலையில் வியாபார நிர்வாகப் பட்டம் பெற்று, பிறகு நியூயார்க் கொலம்பியா சர்வகலாசாலையில் சேர்ந்தார்.

அங்கேதான் திருப்பம் நேர்ந்தது. இந்தியா ஏன் தரித்திரமாயிருக்கிறது என்பதைப் பற்றி ஒரு கோவிலில் அவர் பேசினார். அந்தப் பேச்சைப் பத்திரிகைகள் பிரசுரித்தன. கொலம்பியாவில் அவருக்கு ஆசிரியரும் பொதுநிதி சாஸ்திரத்தில் பேர்பெற்றவருமான செலிக்மன் அதைப் படித்து, அதையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளும்படி தூண்டினார். கணக்கர் அல்லவா? உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். இந்தியக் குடியானவனிடமிருந்து வரியாக வாங்கியது எவ்வளவு, அதில் பட்டாளத்துக்கும் கடன் வட்டிக்கும் போனது எவ்வளவு, அவன் கல்விக்கும் சுகத்துக்கும் திரும்பிவந்தது எவ்வளவு என்று புள்ளியிட்டுப் பார்த்தபோது, அதுவரை தான் மரியாதையோடு பார்த்துவந்த ராஜாங்கம் வேறு முகம் காட்டிற்று. பிரசங்கம் கேட்டு மனந்திரும்புகிறவர்கள் உண்டு. இவர் பேரேட்டைப் பார்த்து மனந்திரும்பினவர். கொர்னேலியுஸ் என்ற பெயரை விட்டுக் குடும்பத்தின் பழைய பெயராகிய குமரப்பாவை எடுத்துக்கொண்டதும் ஏறக்குறைய இந்தக் காலத்தில்தான். பெயரைத்தான் மாற்றினாரேயன்றி வேதத்தை விடவில்லை. சாகும்வரை கிறிஸ்தவராகவே இருந்தார்.

ஊர் திரும்பி, தம் ஆராய்ச்சி நூலைக் காந்தியிடம் காட்ட 1929 மே மாதம் சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். சாணம் மெழுகிய தரையில், ஒரு மரத்தடியில், கிழவர் ஒருவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். பட்டு உடையும் கைத்தடியுமாக இவர் நின்று வேடிக்கை பார்த்தார். சற்று நேரம் கழித்துக் கிழவர் தலைநிமிர்ந்து, குமரப்பா நீர்தானோ என்று விசாரித்தபோதுதான் அவர் யார் என்பது இவருக்குப் புலப்பட்டது. உடனே அந்தப் பட்டுக் காற்சட்டையோடு தரையில் உட்கார்ந்தார். யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். அதில் அவர் ஏறவில்லை. அதற்குப் பிறகு வாழ்நாளெல்லாம் கதர்தான். வேஷ்டியும் பைஜாமாவும் கலந்த மாதிரி ஓர் உடையைத் தாமே வெட்டித் தைத்துக்கொண்டார் என்பதும் உண்மை. எதையும் பிறர் செய்தபடியே செய்யும் சுபாவம் அவருக்கு இல்லை.

காந்தி அந்த நூலைத் தம் பத்திரிகையில் தொடராக வெளியிட ஒப்புக்கொண்டதோடு, இன்னொரு வேலையையும் தலையில் கட்டினார். குஜராத்தில் ஒரு தாலுகாவை எடுத்துக்கொண்டு, அங்குள்ள குடிகளின் நிலைமையை வீடு வீடாக விசாரித்து எழுதவேண்டும். குமரப்பாவுக்குக் குஜராத்தி பாஷை தெரியாது. அந்த ஒரு காரணமே தடையாகவும் வந்தது. கடைசியில் குஜராத் வித்யாபீடத்து மாணவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, 1929 கடைசியில் கேடா ஜில்லா மாத்தர் தாலுகாவில் இறங்கினார். 54 கிராமங்களைப் பார்த்தார்கள். நிலம் எவ்வளவு, மாடு எத்தனை, கடன் யாரிடம், வட்டி என்ன, விளைச்சல் எவ்வளவு, தீர்வை கொடுத்தபின் மிச்சம் என்ன என்று கேட்டு எழுதினார்கள். 1931-ல் அது புத்தகமாக வந்தது.

இது என்ன பெரிய காரியம், இப்போது வாரத்துக்கொருவர் நோட்டுப் புத்தகத்தோடு கணக்கெடுக்க வருகிறாரே என்று நீங்கள் எண்ணலாம். அக்காலத்து நிலைமையை யோசியுங்கள். ஒரு கிராமத்தின் நிலை என்ன என்று அறிய வேண்டுமானால் சர்க்கார் தன் தீர்வைப் பதிவேட்டைத்தான் புரட்டும். வயலில் இருப்பவன் வாயைத் திறந்து சொல்வதற்கு அந்த ஏட்டில் இடமில்லை. கணக்கெடுப்பவனைக் கண்டால் வரி கூடுமோ என்று அஞ்சுவது எந்த ஊர் ஜனங்களுக்கும் இயல்பு. அப்படிப்பட்டவர்களிடம் படிப்பாளிகள் போய், உட்கார்ந்து, அவர்கள் சொல்வதையே ஆதாரமாக வைத்து, தீர்வை அவர்கள் சக்திக்கு மிஞ்சினது என்று அச்சிட்டு வெளிப்படுத்தியது புதிய வழி. பின்னாளில் 1938, 39-ல் மத்திய மாகாண சர்க்கார் கைத்தொழில் விசாரணைக்குக் கமிட்டி போட்டு இவரைத் தலைவராக்கியபோதும், ஆபீஸில் உட்கார்ந்து எழுதவில்லை. 600-க்கும் மேற்பட்ட கிராமங்களின் நிலைமையை விசாரித்தார்கள்.

உப்புச் சத்தியாக்கிரகம் வந்தது. காந்தி சிறை சென்ற காலத்தில் அவர் பத்திரிகையை நடத்தி, குமரப்பாவும் சிறை சென்றார். இரண்டாந்தரமும் சென்றார். அதையெல்லாம் விரிக்கப் போவதில்லை. பீகார் கதையை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை.

1934 ஜனவரி 15-ந் தேதி பீகாரில் பெரிய பூகம்பம். ஆயிரக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். ராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரணக் கமிட்டி ஏற்பட்டு, தேசமெங்கிலுமிருந்து பணம் குவிந்தது. கணக்குப் பொறுப்பு குமரப்பாவின் கையில். ஊழியர் ஒருவருக்குச் சாப்பாட்டுச் செலவு நாளொன்றுக்கு மூன்றணா என்று அவர் விதி செய்தார். காந்தி தம் கூட்டத்தாரோடு அங்கே வந்தார். அவர்களுக்குப் பாலும் பழமும் வேண்டும். மோட்டாருக்கு எண்ணெய் வேண்டும். அந்தச் செலவு நிவாரண நிதியில் ஏறாது என்று குமரப்பா காந்தியின் காரியதரிசியிடம் சொல்லிவிட்டார். காந்தி அழைத்துக் கேட்டபோதும் தாம் செய்தது சரியென்றே நின்றார். காந்தியும் அதை ஏற்றுக்கொண்டார். வீடு இடிந்தவனுக்கென்று ஏழையும் பணக்காரனும் போட்ட காசு அது. அதன் ஒவ்வோர் அணாவுக்கும் இடிந்த வீட்டுக்காரனே எஜமான் என்பது அவர் கணக்கு. திருவிழாக் கணக்கும் அன்பியக் கணக்கும் எழுதுகிற நம் பங்குப் பொறுப்பாளர்களுக்காகவே இந்தக் கதையை இவ்வளவு விரிவாக எழுதினேன் என்பதை மறைக்கவில்லை.

அந்த வருஷம் டிசம்பரில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் வார்தாவில் ஆரம்பமாயிற்று. குமரப்பா அதன் காரியதரிசி. மகன்வாடி என்ற தோட்டத்தில் செக்கு, உரல், தேன்பெட்டி, கைக்காகிதம், சோப்பு, பனைவெல்லம் என்று சோதனைகள் நடந்தன. மண்ணெண்ணெய் வாங்கப் பணமில்லாதவனும் தன் ஊர் எண்ணெயிலே எரிக்கும்படி மகன் தீபம் என்றொரு விளக்கும் செய்தார்கள். சேவாகிராமத்துக்குப் போகுமுன் காந்தியும் அங்கே சில காலம் தங்கியிருந்தார். நோக்கம் இதுதான்: கிராமத்தில் விளைகிற பொருள் கிராமத்திலேயே பதமாகி, கூலி கிராமத்திலேயே தங்கவேண்டும்.

நெல்லு நாட்டாராகிய நமக்கு அரிசி விஷயம் நன்றாக விளங்கும். உரலில் குத்திய அரிசியில் தவிடு ஒட்டியிருக்கும்; மில்லில் தீட்டிய அரிசி வெள்ளை வெளேரென்று வரும், சத்து தவிட்டோடு போகும். தீட்டிய அரிசியையே நம்பியிருக்கும் ஜனங்களுக்குக் கால் வீங்கும் பெரிபெரி நோய் வருவது அக்காலத்து வைத்தியர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. மில் வந்த ஊரில் நெல் குத்திப் பிழைத்த விதவைகளின் கூலியும் போயிற்று, வீட்டு மாட்டுக்குத் தவிடும் போயிற்று என்று குமரப்பா கணக்குக் காட்டினார். கணக்கு சரியே. ஆனாலும் விடியுமுன் எழுந்து உலக்கை போட்டுக் கை காய்த்துப்போன நம் பாட்டிமார்களிடம் கேட்டால், மில் வந்ததற்காக அவர்கள் கண்ணீர் விட்டதாகச் சொல்லமாட்டார்கள். கிராமத்தாரைக் கேள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், இந்த விஷயத்தில் அடுப்பங்கரையிலும் இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். இப்போது கைக்குத்தல் அரிசியைப் பட்டணத்துக் கடைகளில் அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள் என்பது வேறு கதை.

இரண்டாம் மகாயுத்தம் வந்தது. சர்க்கார் தானியத்தையும் சரக்கையும் வாரி எடுத்துக்கொண்டு கடுதாசி நோட்டை அச்சடித்துக் கொடுத்தது. 1942-ல் குமரப்பா இதைக் கண்டித்து எழுதிய கட்டுரைக்கு, ரொட்டிக்குப் பதில் கல் என்று பொருள்படத் தலைப்பிட்டார். ரொட்டி கேட்கும் பிள்ளைக்குக் கல்லைக் கொடுக்கும் தகப்பன் உண்டோ என்று சேசுநாதர் கேட்டதை நீங்கள் சுவிசேஷத்தில் அறிவீர்கள். களத்து நெல்லை அளந்து கொடுத்துவிட்டுக் கையில் காகிதத்தோடு நிற்கும் குடியானவனின் நிலை அதுவே என்பது அவர் வாதம். ராஜத்துவேஷம் என்று வழக்காடி அவரை ஜபல்பூர்ச் சிறையில் அடைத்தார்கள். அடுத்த வருஷம் வங்காளத்தில் பஞ்சம் வந்து லட்சக்கணக்கானோர் மடிந்தபோது, விலை ஏறி ஏழை கையிலிருந்த காகிதம் அரிசியாக மாறாமற்போனதைத் தேசம் கண்டது.

சிறையில் அவர் சும்மா இருக்கவில்லை. இரண்டு நூல்கள் எழுதினார். ஒன்று சேசுநாதருடைய நடத்தையையும் போதனையையும் பற்றியது. மற்றது நிலைத்திருக்கும் பொருளாதாரத்தைப் பற்றியது. 1945-ல் இரண்டுக்கும் காந்தி முன்னுரை எழுதினார். முதல் நூலில் சபைகளையும் குருக்களையும் அவர் கடுமையாகத்தான் தொட்டிருக்கிறார். ஆளும் ஜாதியாரோடு நாம் சேர்ந்து நின்றோம் என்பது அவர் குற்றச்சாட்டு. வேதசாஸ்திரம் படித்த எனக்கு அவர் வியாக்கியானங்கள் சிலவற்றை ஒப்புக்கொள்ள முடியாது. குற்றச்சாட்டை மட்டும் எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை.

இரண்டாவது நூலில் ஜீவராசிகளை உவமையாக்கி ஐந்துவிதப் பிழைப்பைக் காட்டுகிறார். புலி, தனக்கு இரையாவதைக் கொன்றே பிழைக்கிறது. குரங்கு, தான் நடாத தோப்பில் பழத்தைப் பறித்துப்போகிறது, மரமாவது மிஞ்சுகிறது. உழவன் விதைத்து உழைத்து அறுக்கிறான். தேனீ தனக்கென்று சேர்க்காமல் கூட்டுக்கென்று சேர்க்கிறது. தாய்ப்பறவை கூலி எதிர்பாராமல் குஞ்சுக்கு இரை தேடி ஊட்டுகிறது. ஒரு தொழிலோ திட்டமோ ஊருக்கு வந்தால், இந்த ஐந்தில் அது எந்த ஜாதி என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், நன்றாகச் சொல்லுவார்கள்.

இன்னொரு பேதமும் காட்டினார். நிலக்கரி, பெட்ரோல் போன்றவை தொட்டியில் தேங்கிய தண்ணீர். எடுக்க எடுக்கக் குறையும், அதற்காக ஒருவரோடொருவர் சண்டையும் வரும். ஆற்றுநீர், காட்டு மரம், மாட்டுச் சாணம் போன்றவை ஓடும் தண்ணீர்; முறையாகப் பயன்படுத்தினால் வருஷந்தோறும் வந்துகொண்டிருக்கும். காவேரிக் கரையில் பிறந்தவர் வேறெப்படி யோசிப்பார் என்று எனக்குத் தோன்றும். நம் வயல்களுக்கு அடியிலே எண்ணெயும் எரிவாயுவும் தேடிக் குழாய் இறக்கியதும், 2017-ல் கதிராமங்கலத்து ஜனங்கள் தங்களைக் கேட்காமல் என்ன வேலை இது என்று தெருவில் உட்கார்ந்ததும், 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்ததும் உங்கள் கண்முன் நடந்தவை. குமரப்பா மறைந்து அறுபது வருஷம் ஆகியிருந்தது.

சுயராஜ்யம் வந்தபின் காங்கிரஸ் கட்சி நிலச் சீர்திருத்தக் கமிட்டி ஒன்று அமைத்து இவரைத் தலைவராக்கியது. மாகாணம் மாகாணமாகப் போய் விசாரித்து, 1949 ஜூலையில் அறிக்கை கொடுத்தார்கள். உழுகிறவனுக்கும் சர்க்காருக்கும் நடுவே வேறொருவன் இருக்கக்கூடாது. விதவை, சிறுபிள்ளை, அங்கவீனர் தவிர வேறெவரும் நிலத்தைக் குத்தகைக்கு விடலாகாது. ஆறு வருஷம் தொடர்ந்து சாகுபடி செய்தவனுக்கு நிலத்தில் உரிமை உண்டு. ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான நிலத்தின் மூன்று மடங்குக்கு மேல் எவரும் வைத்திருக்கலாகாது. இவையே அதன் முக்கிய யோசனைகள். நிலத்தைப் பற்றிய நிர்வாகத்தில் விவசாயிகளும் கூலியாட்களும் பங்குபெற வேண்டும் என்பதும் அதன் போக்கு.

தஞ்சாவூர் ஜில்லாவில் இந்த வார்த்தைகள் எப்படி ஒலித்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. அப்போது இங்கே பண்ணையாட்களுக்கும் மிராசுதார்களுக்கும் போராட்டம் உச்சத்தில் இருந்தது. 1952-ல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961-ல் நில உச்சவரம்புச் சட்டம் வந்து, 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வரம்பு கட்டி, 1970-ல் அது 15 ஆயிற்று. பினாமிப் பெயர்களில் எவ்வளவு நிலம் ஒளிந்தது என்பதை ஊரில் வயதானவர்கள் அறிவார்கள். 1968 டிசம்பர் 25-ந் தேதி, கிறிஸ்துமஸ் திருநாள் இரவு, கீழ்வெண்மணியில் கூலித் தகராற்றின் பேரில் ஒரு குடிசைக்குள் அடைபட்டு 44 பேர் எரிந்து மாண்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். எல்லாரும் தாழ்த்தப்பட்ட விவசாயக் கூலிக் குடும்பத்தார். ஊரார் என்ற சொல்லுக்குள் அவர்களும் அடக்கம் என்று ஏற்றுக்கொள்ளாத ஊருக்கு எத்தனை வாய்க்கால் வெட்டினாலும், எத்தனை சாலை போட்டாலும், அதற்கு அபிவிருத்தி என்று பெயர் வைக்க என் நாக்கு எழவில்லை. பிறகு அந்தப் பக்கத்திலேயே காந்தியவாதிகளான ஜகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் 1981-ல் லாஃப்டி என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கி, நிலமில்லாத பெண்களின் பெயரில் நிலம் வாங்கிக் கொடுத்தது நம் நாட்டு வரலாற்றில் ஆறுதலான பக்கம்.

டில்லி சர்க்காரோடு குமரப்பாவுக்கு ஒத்துவரவில்லை. 1938-லேயே தேசியத் திட்டக் கமிட்டியில் சேர்ந்து, பெரிய ஆலைகளைப் பற்றியே பேச்சு நடப்பதைக் கண்டு சில மாதங்களில் விலகியவர். 1952 அக்டோபர் 2-ந் தேதி, காந்தி பிறந்த நாளன்று, 55 இடங்களில் சமுதாய அபிவிருத்தித் திட்டம் ஆரம்பமாயிற்று. அமெரிக்க உதவியும் அதற்கு உண்டு. ஜனங்களும் பங்கெடுக்கவேண்டும் என்பது அத்திட்டத்தின் வாசகம். குமரப்பா அதை நம்பவில்லை. மேலே தீர்மானித்துவிட்டுக் கீழே கைகொடுக்கச் சொல்வதைப் பங்கெடுத்தல் என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய திட்டம் கீழேயிருந்து தொடங்கும். ஒவ்வொரு கிராமத்திலும் கூட்டுறவுச் சங்கம் இருக்கும். விளைந்த தானியம் அங்கே சேரும். ஊருக்கு வேண்டியது ஊரிலேயே நிற்கும். மிச்சமே வெளியே போகும். எது வேண்டும் எது வேண்டாம் என்பதை ஊர்ச்சபை சொல்லும். சர்க்கார் அதற்குக் காது கொடுக்கும்.

அவரிடம் குறையும் உண்டு. கோபக்காரர். டிராக்டர் சாணி போடுமா என்று கேட்டு எல்லாரையும் வாயடைக்கச் செய்வார். டிராக்டரால் எவனுக்காவது முதுகு நிமிர்ந்ததா என்று பொறுமையாகப் பார்க்கமாட்டார். உடனிருந்த காந்தியவாதிகளே பலர் அவரைத் தாங்கமுடியாமல் ஒதுங்கினார்கள். மந்திரிகளான பழைய நண்பர்கள் மரியாதை காட்டி, அறிக்கையை அலமாரியில் வைத்தார்கள். கூட்டுறவுச் சங்கம் வந்தால் அதையும் ஊரில் வலியவனே பிடித்துக்கொள்வான் என்ற அனுபவம் நமக்கு உண்டு. அதற்குரிய மருந்தை அவர் நூல்களில் நான் போதுமான அளவு காணவில்லை. அப்படியிருந்தும், 1973-ல் ஷூமேக்கர் என்ற ஆங்கிலப் பொருளாதார சாஸ்திரி சிறியதே அழகு என்ற நூலை எழுதி உலகத்தாரைத் திரும்பிப் பார்க்கச் செய்தபோது, அதில் நம் குமரப்பாவைத் துணைக்கு அழைத்திருந்தார்.

நம் சர்க்கார் 2017-ல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே திட்டம் தொடங்கி, பாசனதாரர் சங்கத்தார் நூற்றுக்குப் பத்துப் பங்கைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ கொடுக்கவேண்டும் என்று விதித்தது. சங்கத்தார் கூடிப் பேசிச் செய்த ஊர்களில் வேலை திருத்தமாக நடந்தது. சங்கமென்ற பெயரில் ஒருவரே கையெழுத்திட்ட ஊர்களும் உண்டு. உங்கள் ஊர் எந்த வகை என்பது எனக்கல்ல, உங்களுக்குத் தெரியும்.

கடைசிக் காலத்தில் அவருக்கு இரத்த அழுத்தம் மிஞ்சி உடல் நலிந்தது. வார்தாவை விட்டுத் தமிழ்நாட்டுக்கே திரும்பி, மதுரை ஜில்லா தே. கல்லுப்பட்டியிலுள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் ஒரு சிறு குடிலில் தங்கினார். கலியாணம் செய்துகொள்ளவில்லை. சொத்தென்று சொல்ல ஒன்றுமில்லை. குடிலின் சுவரில் காந்தியின் படம் இருந்தது. ஏழைக் குடியானவன் ஒருவனுடைய படமும் இருந்தது. வந்தவர்கள் விசாரித்தால், முதலாமவர் தம் எஜமானர் என்றும், மற்றவன் அந்த எஜமானருக்கும் எஜமான் என்றும் காட்டுவாராம்.

1960-ம் வருஷம் சென்னை சர்க்கார் பொது ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். ஜனவரி 30-ந் தேதி, காந்தி மாண்ட அதே தேதியில், தமது 68-வது வயதில் காலஞ்சென்றார்.